வேறு வைத்த கணக்கு: பிள்ளை கல்லூரிக்குப் போகும் வீட்டின் வரவு செலவு

செட்டிநாட்டில், காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் 27 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். நெல் வரத்து, தவிட்டு விற்பனை, லாரி வாடகை, சாக்குக் கணக்கு என்று நாள்தோறும் நூறு வரியாவது எழுதிப் பழகிய கை இது. இருந்தும் சென்ற ஆண்டு மூத்த மகள் கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கப் போனபோது, எங்கள் வீட்டுக் கணக்கு மூன்றே மாதத்தில் தடம் புரண்டது. கட்டணத்துக்கு வழி செய்துவிட்டோம், இனிக் கைச்செலவுக்கு மாதம் 4,000 ரூபாய் அனுப்பினால் போதும் என்று நானும் என் மனைவியும் முடிவு செய்திருந்தோம். மூன்று மாதத்துக்கு 12,000 ரூபாய் போட்டிருந்த இடத்தில் 31,460 ரூபாய் போயிருந்தது.

அதை வரி வரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் தவறு எங்கே என்று தெரிந்தது. மெத்தை, தலையணை, வாளி, பூட்டு வகையில் 5,850. கால்குலேட்டர், வரைபலகை, ஆய்வகக் கோட்டு 4,310. ஊருக்கு வந்துபோனதில் 5,200. தீபாவளிக்குத் தனியார் பஸ் கேட்ட கட்டணம்தான் அதில் பாதிக்கு மேல். நகல் எடுத்தது, துறைச் சங்கக் கட்டணம் என்று 2,900. மெஸ்ஸுக்கு நாங்கள் முன்பே கட்டியதற்கு மேல் கேட்ட தொகை 4,200. மீதி 9,000 மட்டுமே கைச்செலவு. அவள் ஊதாரித்தனம் செய்யவில்லை. நாங்கள்தான் ஒரு புதிய வீட்டைத் தொடங்கிவிட்டு, பழைய வீட்டில் ஒரு வரி கூடியதாக மட்டும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

புதிய வீடு என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் முதலாளி வீட்டுப் பெரிய ஆச்சி ஒருமுறை வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், உட்கார்ந்து வேறு வைத்த கதையைச் சொன்னார். செட்டிநாட்டு வீடுகளை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ஒரே பெரிய கூட்டுக்குடும்பம் என்றுதான் நினைப்பார்கள். கூரை ஒன்றுதான், அடுப்பு ஒன்றல்ல. மகனுக்குத் திருமணமானதும் அந்தத் தம்பதி ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு. சில காலம் கழித்துப் பெற்றோர் அவர்களை அதே வீட்டுக்குள் வேறு வைப்பார்கள். தனி அறை, தனி அடுப்பு. ஓராண்டுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு சாமான், இவ்வளவு பணம் என்று அளந்து கொடுத்துவிடுவார்கள். அதற்குள் குடும்பம் நடத்தத் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்து அடுப்பில் மாமியார் இருப்பார். விழுந்தால் தாங்கிக்கொள்ளும் தூரம்தான். ஆனாலும் அளந்தது அளந்ததுதான். ஆச்சிக்கு முதல் ஆண்டு பங்குனியிலேயே புளி தீர்ந்துவிட்டதாம். யாரிடமும் கேட்காமல் சித்திரைவரை எலுமிச்சம்பழத்தில் சமாளித்ததை அறுபது வருடத்துக்குப் பிறகும் சொல்லிச் சிரித்தார்.

கல்லூரி விடுதிக்குப் பிள்ளையை அனுப்புவது இந்த வேறு வைத்தல்தான். அடுப்பு மட்டும் 250 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அப்படிப் பார்க்கத் தொடங்கியதும் கணக்கு நேரானது.

முதலில் பழைய வீட்டைப் பார்ப்போம். நான்கு பேரில் ஒருவர் போனால் செலவு கால்பங்கு குறையும் என்று மனம் கணக்குப் போடும். குறையாது. வீட்டு வரி, வாடகை, கேபிள், தண்ணீர், தம்பியின் பள்ளிக் கட்டணம் எதற்கும் ஆள் கணக்குக் கிடையாது. எங்கள் வீட்டில் பால் ஒரு லிட்டரிலிருந்து முக்கால் லிட்டரானது, காஸ் சிலிண்டர் ஒரு வாரம் கூடுதலாக வந்தது, மளிகையில் கொஞ்சம் மிஞ்சியது. எல்லாம் சேர்ந்து மாதம் 1,900 ரூபாய்க்கு மேல் மிச்சமில்லை. மின்சாரத்தில் மட்டும் எதிர்பாராத நன்மை. தமிழ்நாட்டில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கட்டணம் கூடுவதில்லை. கட்டண அட்டவணையே மாறி, கீழ்ப்படிகளின் விலையும் ஏறிவிடும். அவள் அறையின் குளிர்சாதனமும் இரவு நெடுநேரம் எரியும் விளக்கும் எங்களை அந்தக் கோட்டுக்கு மேலே தள்ளிக்கொண்டிருந்தன. இப்போது கோட்டுக்குக் கீழே நிற்கிறோம்.

ஆனால் வீட்டில் இறங்கிய செலவில் ஒரு பகுதி பார்சலாக மாறிக் கூரியரில் ஏறுகிறது. விடுதிக்கு ஒரு டப்பா சீப்புச் சீடை அனுப்பினால் அது அறையில் இருக்கும் நால்வருக்கும் அனுப்புவதுதான். மாவுருண்டையும் மணகோலமும் தேன்குழலும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போகிறது. பாசத்தைக் கணக்கில் எழுதக் கூடாது என்பார்கள். நான் எழுதுகிறேன். எழுதாவிட்டால் அந்தப் பணம் எங்கே போனது என்று மாதக் கடைசியில் நானும் மனைவியும் ஒருவரையொருவர் சந்தேகப்பட வேண்டியிருக்கும்.

இனிப் புதிய அடுப்பு. விடுதிச் செலவில் பெற்றோரை அதிகம் குழப்புவது மெஸ் கட்டணம். பல விடுதிகளில் அது நிலையான தொகை அல்ல, பங்கீட்டு முறை. அந்த மாதம் அரிசி, காய்கறி, எரிவாயு, சமையலாள் சம்பளம் என்று ஆன மொத்தச் செலவைச் சாப்பிட்டவர்களின் நாட்கணக்கில் வகுத்து ஒவ்வொருவர் தலையிலும் போடுவார்கள். தக்காளி விலை ஏறினால் உங்கள் கட்டணமும் ஏறும். தேர்வு விடுமுறையில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டால், தங்கியவர்களின் ஒரு நாள் பங்கு கூடும். ஆண்டின் தொடக்கத்தில் கட்டுவது முன்பணம்தான். இறுதிக் கணக்கு அல்ல. தொடர்ந்து சில நாட்கள் ஊருக்குப் போகும்போது முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் அந்த நாட்களுக்குக் கழித்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு. எத்தனை நாள், யாரிடம் கொடுக்க வேண்டும் என்று சேரும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் மகள் தீபாவளிக்கு ஒன்பது நாள் வீட்டில் இருந்தாள். எழுதிக் கொடுக்கத் தெரியாததால், சாப்பிடாத ஒன்பது நாளுக்கும் பணம் போனது.

பயணத்தையும் ஆண்டுக் கணக்கில் வைக்க வேண்டும். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் 60ஆம் நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு வைப்பது எங்கள் வீட்டில் இப்போது மனைவியின் பொறுப்பு. சென்னையில் படிக்கும் பிள்ளைகளுக்குக் காரைக்குடியிலிருந்து பல்லவன் ரயில் இருக்கிறது. கோயம்புத்தூர் பக்கம் பெரும்பாலும் பஸ்தான் கதி. பண்டிகைக்கு முந்தைய இரவு தனியார் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கிற நிலைக்குப் போனால் இரண்டு மடங்கு கொடுக்க வேண்டியதுதான்.

உள்ளூரிலேயே படித்தால் இதெல்லாம் வேண்டாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. 1947இல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி தொடங்கியதால்தான், சுற்றுவட்டாரப் பிள்ளைகள் காலையில் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பட்டம் வாங்கி வர முடிந்தது. 1952இல் பொறியியல் கல்லூரியும் 1985இல் பல்கலைக்கழகமும் அதே ஊருக்கு வந்தன. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் மகள்களின் போக்குவரத்துச் செலவும் பெரிதாக இல்லை. படிக்க விரும்பும் படிப்பு இங்கே இருந்தால், இரண்டாவது அடுப்பின் செலவு முழுவதும் மிச்சம். நான்கு ஆண்டில் அது சில லட்சங்கள். அதைத் தாழ்வாக நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் மகளுக்குக் கிடைத்த பிரிவு கோவையில் இருந்தது, அவ்வளவுதான்.

கட்டணம் கட்டும் நாளும் கையில் காசு இருக்கும் நாளும்

எங்கள் பக்கம் கண்மாய்ப் பாசனம். ஒரு போகம்தான். நெல் தை, மாசியில் வீட்டுக்கு வரும். கல்லூரிச் சேர்க்கை ஆடியிலும் ஆவணியிலும். வயலை நம்பிய வீட்டில் கல்லூரிக் கட்டணம் வருகிற மாதத்தில்தான் பெட்டி காலியாக இருக்கும். மாதச் சம்பளக்காரர்களுக்கும் பெரிய வேறுபாடில்லை. பன்னிரண்டு பங்காக வருகிற பணத்தை ஒரே வாரத்தில் கட்டச் சொல்கிறார்கள். ஆகவே இந்தச் சிக்கலில் பாதி, பணம் இல்லாத சிக்கல் அல்ல. பணம் அந்தத் தேதியில் பணமாக இல்லாத சிக்கல்.

இதைச் செட்டிநாட்டுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1930இல் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை சரிந்தபோது, பர்மாவில் இந்தப் பக்கத்துச் செட்டியார்களிடம் கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கடன் கொடுத்த செட்டியார்களின் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் அவர்களிடம் இருந்த நெல் நிலம் 1930இல் 6 சதவீதம். 1938இல் 25 சதவீதம். ஏட்டில் பார்த்தால் பெருஞ்செல்வம். கையில் ரொக்கம் இல்லை, நிலத்தை வாங்க ஆளும் இல்லை. 1942இல் ஜப்பானியப் படை வந்ததும் அதை விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. இங்கே முகப்பும் பட்டாலையும் தேக்குத் தூணுமாக நிற்கும் எத்தனையோ வீடுகளில் அடுத்த தலைமுறையின் பள்ளிக் கட்டணத்துக்குத் தூணையே விற்ற கதை உண்டு. சொத்து வேறு, ரொக்கம் வேறு. பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே, எந்தச் சொத்து எந்த மாதத்தில் ரொக்கமாகும் என்று ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். வைப்புத்தொகை முதிரும் நாள் ஆடிக்கு முன்னால் விழும்படி போடுவது ஒரு பைசா செலவில்லாத ஏற்பாடு.

பெண் குழந்தைக்குச் செல்வமகள் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர்கள் திருமணம்வரை அதைத் தொடக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2015இல் வந்த அந்தத் திட்டத்திலேயே, பெண்ணுக்கு 18 வயதானாலோ பத்தாம் வகுப்பு முடித்தாலோ உயர்கல்விக்காக எடுக்க இடமுண்டு. முந்தைய நிதியாண்டின் இறுதியில் இருந்த தொகையில் பாதிவரை எடுக்கலாம். ஒரே தடவையாகவோ, ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து தவணைவரையோ. கட்டண ரசீது வேண்டும்.

ஏலச்சீட்டு எடுத்துக் கட்டுபவர்கள் உண்டு. பதிவு செய்த சீட்டாக இருந்தால் நல்ல வழிதான். 2019இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதம்வரை போகலாம் என்பதையும், ஆடியில் எல்லோருக்கும் பணம் தேவை என்பதால் அந்த மாதம் தள்ளி எடுத்தால், அதாவது தொகையைக் குறைத்துக் கேட்டு ஏலத்தில் எடுத்தால், கழிவு அதிகம் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். சித்திரையில் எடுத்து வங்கியில் போட்டு வைப்பது மேல். வடக்கே ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் ஆடியில் மொய் விருந்து வைத்துக் கட்டணத்துக்குச் சேர்ப்பார்கள். வட்டியில்லாக் கடன்போலத் தோன்றும். ஆனால் வாங்கியதற்கு மேல் போட்டுத் திருப்ப வேண்டிய கடன் அது. யார் வீட்டு விருந்து எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியாது. தவணைத் தேதி உங்கள் கையில் இல்லாத கடன்.

நகைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் கல்விக் கடன் கைக்கு வர ஏழு வாரமானது. அதற்குள் முதல் பருவக் கட்டணம் கட்ட வேண்டியிருந்ததால் மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது. கடன் வந்த அன்று மீட்டோம். நகைக்கடனுக்கு ஏற்ற வேலை அதுதான்: இடைவெளியை நிரப்புவது. நான்கு ஆண்டுப் படிப்பையும் நகையின்மேல் ஏற்றினால், ஆண்டுதோறும் மீட்டு மீட்டுத் திரும்ப வைத்து, வட்டி கட்டியே களைத்துப்போய், கடைசியில் நகையும் போகும் வீடுகளை எங்கள் தெருவிலேயே பார்த்துவிட்டேன்.

கல்விக் கடனின் வட்டி எத்தனை காசு?

எங்கள் ஊரில் வட்டியை ஆண்டுச் சதவீதத்தில் சொன்னால் யாருக்கும் உறைப்பதில்லை. நூற்றுக்கு மாதம் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். ஒரு ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 12 சதவீதம். இரண்டு ரூபாய் வட்டி 24. வங்கி 10 சதவீதம் என்றால் அது 83 காசு வட்டி. அப்படிச் சொன்னவுடன் ஆலையில் என்னோடு வேலை செய்யும் ஓட்டுநர், மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கியதை நினைத்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் மகனுக்குக் கல்விக் கடன் கேட்டு வங்கிக்குப் போகவே இல்லை. பெரிய இடத்துப் பிள்ளைகளுக்குத்தான் கொடுப்பார்கள் என்று யாரோ சொன்னார்களாம்.

வங்கிகள் பின்பற்றும் பொதுவான முறை இது. 4 லட்சம் ரூபாய்வரை உங்கள் பங்காக எதுவும் போட வேண்டியதில்லை; அதற்கு மேல், உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம் போட வேண்டும். ஏழரை லட்சம்வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது. பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். கல்விக் கட்டணத்தோடு விடுதி, புத்தகம், கணினி ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்கலாம். பலர் கல்விக் கட்டணத்துக்கு மட்டும் கேட்டுவிட்டு மற்றதற்கு வெளியே வட்டிக்கு வாங்குகிறார்கள். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். பிறகு 15 ஆண்டுவரை அவகாசம் உண்டு.

தவணை கட்ட வேண்டாம் என்பதை வட்டி இல்லை என்று படித்துவிடக் கூடாது. ஒரு கணக்குப் போடுவோம். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வீதம் நான்கு ஆண்டில் 6 லட்சம், 10 சதவீதத் தனிவட்டி. முதல் ஒன்றரை லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 75,000. அடுத்ததற்கு நான்கு ஆண்டு 60,000. பிறகு 45,000, 30,000. ஆக 2,10,000. படித்து முடித்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும்போது பிள்ளையின் பெயரில் நிற்பது 6 லட்சம் அல்ல. 8 லட்சத்து 10 ஆயிரம். பத்து ஆண்டில் கட்டினால் மாதத் தவணை ஏறத்தாழ 10,700. அதற்குப் பதிலாக அந்த வட்டியை மாதாமாதம் கட்டிவந்தால் முதல் ஆண்டு மாதம் 1,250 ரூபாய், இரண்டாம் ஆண்டு 2,500, பிறகு 3,750, அதன்பின் 5,000. தவணை தொடங்கும்போது 6 லட்சம்தான் நிற்கும். மாதத் தவணை ஏறத்தாழ 7,930. இப்போது கட்டும் 2,10,000 பின்னால் 3,33,000ஐ மிச்சப்படுத்துகிறது. படிக்கும்போதே வட்டி கட்டினால் 1 சதவீதம் குறைக்கும் வங்கிகளும் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். வீட்டில் குறைந்த 1,900 ரூபாயை நாங்கள் இதற்குத்தான் திருப்பிவிட்டோம். முதல் ஆண்டின் 1,250 அதிலேயே அடங்கிவிட்டது.

உதவிகளைப் பொறுத்தவரை, தெரியாமல் விட்டுப்போவதுதான் அதிகம். வீட்டில் யாரும் பட்டம் பெறாத குடும்பத்தின் பிள்ளை கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேர்ந்தால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை உண்டு. 2010-11இலிருந்து நடைமுறையில் இருக்கிறது, சான்றிதழை வருவாய்த் துறையிடம் பெற வேண்டும். நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கொடுத்துச் சேர்ந்தால் அந்தச் சலுகை இல்லை. இடத்தைத் தேர்வு செய்யும் முன்பே இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 செப்டம்பரிலிருந்தும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 ஆகஸ்டிலிருந்தும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வருகிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள நிறுவனங்களில் சேர்ந்து, குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம்வரையான கடனுக்குத் தவணை தொடங்கும்வரை 3 சதவீத வட்டி மானியம் கிடைக்கும். கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரியில் கழிவு உண்டு. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும், 8 ஆண்டுவரை.

இன்னொன்று. ஒரு கல்லூரியில் பணம் கட்டியபின் வேறு இடம் கிடைத்தால் கட்டியது போனது என்று விட்டுவிடாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் இதற்கு அளவு வகுத்தது. அறிவிக்கப்பட்ட கடைசிச் சேர்க்கைத் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால், சிறு பிடித்தம் போக முழுத் தொகை. அதற்குப் பிறகு தேதிவரை 90 சதவீதம். தேதி கடந்து 15 நாளுக்குள் 80. 30 நாளுக்குள் 50. பின்னர் சில ஆண்டுகளில் இன்னும் தாராளமான அறிவிப்புகளும் வந்தன. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கவும் கூடாது.

அடுத்த மாதம் என்று எழுதியிருந்த கண்ணாடி

இவ்வளவு கணக்கும் போட்ட பிறகு, நான் எழுதாமல் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடையில் தொழில் பழகும் பையனாக, பத்துப் பன்னிரண்டு வயதில் கடல்கடந்து போன பிள்ளைகள், கடிதத்தோடு கணக்கும் அனுப்புவார்கள் என்று கேட்டிருக்கிறேன். அதை நினைத்து நான் மகளுக்கு ஒரு சிட்டை கொடுத்து அனுப்பினேன். அன்றாடச் செலவை எழுத வேண்டும், மாதக் கடைசியில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அவள் ஒழுங்காக அனுப்பினாள். நான் கூட்டலை மட்டும் பார்த்தேன். தீபாவளிக்கு வந்தபோது திண்ணையில் உட்கார்ந்து அந்தச் சிட்டையை முழுமையாகப் புரட்டினேன். செப்டம்பர்ப் பக்கத்தின் அடியில், ‘கண்ணாடி – 1,800 – அடுத்த மாதம்’ என்று எழுதியிருந்தது. அக்டோபரிலும் அதே வரி. அடுத்த பக்கத்திலும் அதே வரியை முதல் ஆளாக எழுதி வைத்திருந்தாள். அவளை நிமிர்ந்து பார்த்தேன். மூக்குக் கண்ணாடியின் இடது காலைக் கறுப்பு நூலால் சுற்றிக் கட்டியிருந்தாள். வந்து இரண்டு நாளாகிறது. என் கண்ணில் படவில்லை.

கேட்டபோது, அம்மாவின் கழுத்தில் சங்கிலி இல்லாததைக் கிளம்பும் முன் பார்த்ததாகச் சொன்னாள். சங்கிலி ஏழாவது வாரமே வீட்டுக்கு வந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரியாது. பீரோவில் இருந்ததே தவிர, கழுத்தில் இல்லை. வீட்டின் நிலைமையைப் பிள்ளைகளிடம் சொல்லி அவர்கள் மனதைக் கலைக்கக் கூடாது என்று நாங்கள் நினைத்தோம். சொல்லாததால் அவள் உள்ளதைவிட மோசமான ஒரு நிலைமையைத் தானே கற்பனை செய்து, அதற்கேற்பத் தன்னை ஒடுக்கிக்கொண்டாள். சிட்டையை வாங்கிப் பார்க்கிற உரிமை எனக்கு இருந்தது. வீட்டின் முழுக் கணக்கான பேரேட்டைப் பார்க்கிற உரிமையை அவளுக்கு நான் கொடுக்கவில்லை.

அன்று இரவே ஐந்தொகை போட்டுக் காட்டினேன். என்ன வருகிறது, எதற்குப் போகிறது, கடன் எவ்வளவு, வட்டி யார் கட்டுகிறோம், தவணை எப்போது யார் பெயரில் தொடங்கும், தம்பி ஒன்பதாம் வகுப்பு என்பதால் நான்கு ஆண்டில் என்ன வரும், எனக்கு ஓய்வு எப்போது, அதற்கென்று தொடாமல் வைத்திருப்பது எது. அந்தக் கடைசி வரியில் மனைவி உறுதியாக இருந்தார். மகளின் படிப்புக்காக அதை உடைக்கலாம் என்று நான் ஒருமுறை சொன்னதை மகள் முன்னாலேயே மறுத்தார். நாம் எழுபது வயதில் அவள் வீட்டு வரவு செலவில் ஒரு வரியாகப் போய் உட்காருவதற்குப் பெயர் உதவியா என்று கேட்டார். ஆண்கள் ஆண்டுக்கணக்கில் பர்மாவிலும் மலேயாவிலும் இருந்தபோது இந்த ஊர்களில் வீட்டையும் கணக்கையும் நடத்தியவர்கள் ஆச்சிகள்தான். கணக்குப் பேச்சில் அம்மாக்களை வெளியே உட்கார வைக்கும் வீடுகள் பாதி அறிவை வெளியே வைத்திருக்கின்றன என்பது என் எண்ணம்.

மகள் ஒரே ஒரு கோரிக்கை வைத்தாள். மாதாமாதம் அனுப்ப வேண்டாம், ஒரு பருவத்துக்கு உரியதை மொத்தமாகத் தாருங்கள், நானே பிரித்துக்கொள்கிறேன் என்றாள். வேறு வைக்கும் முறையும் அதுதானே. ஒத்துக்கொண்டோம். முதல் பருவத்தின் மீதிக்குக் கொடுத்தது 23 நாள் முன்னதாகவே தீர்ந்துவிட்டது. கேட்டிருந்தால் அனுப்பியிருப்பேன். அவள் கேட்கவில்லை, நூலகத்தில் மாலை நேர உதவி வேலை செய்து சமாளித்தாள். அடுத்த பருவத்தில் எட்டு நாள் முன்னதாகத் தீர்ந்தது.

இப்படி மொத்தமாகக் கொடுக்கத் தயங்குபவர்களுக்கு இடைவழியும் இருக்கிறது. 2024இல் வந்த யு.பி.ஐ. சர்க்கிள் வசதியில், உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே பிள்ளை தன் கைப்பேசியில் செலவு செய்யலாம். மாதம் 15,000 ரூபாய்க்குள் நீங்கள் வைக்கும் வரம்பு, ஒரு தடவைக்கு 5,000. எங்களுக்கு அது பிடிக்கவில்லை. ஒவ்வொரு தேநீருக்கும் அப்பாவின் கைப்பேசி மணி அடிப்பது இருவருக்கும் நல்லதல்ல. மருத்துவத்துக்கும் அவசரப் பயணத்துக்கும் மட்டும் 10,000 ரூபாய் தனி முடிச்சாக அவள் பெயரில் ஒரு கணக்கில் இருக்கிறது. அதன் அட்டை அவளிடம் இருக்கிறது. எடுத்தால் எனக்குக் காரணம் சொன்னால் போதும், அனுமதி கேட்க வேண்டாம்.

இந்த ஆவணியில் மூன்றாம் பருவத்துக்குப் பக்கம் திறந்தோம். பிள்ளையார் சுழி போட்டு, வரவேண்டியது என்ற தலைப்பில் முதல் வரியை அவளே எழுதினாள்: ‘கல்லூரிக் காப்புத்தொகை – 10,000 – படிப்பு முடிந்ததும்’. சேர்ந்த அன்று கட்டணத்தோடு கட்டிய தொகை அது. ரசீது எந்தக் கோப்பில் இருக்கிறது என்று கேட்டாள். தேடிக்கொண்டிருக்கிறேன்.